துண்டுக்குள் மூன்றாவது கை

எங்கள் கல்லுப்பாறைப்பட்டி வியாழச் சந்தையில், வைகாசி பிறந்த முதல் வியாழன், காலை எட்டு மணி வாக்கில், வெயில் இன்னும் உறைக்கத் தொடங்காத நேரத்தில், மாட்டுத் தரகர் சின்னக்காளையின் துண்டுக்குள் மூன்றாவதாக ஒரு கை வந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் சந்தையில் மாட்டுக்கு வாயால் விலை பேசுவது கிடையாது. தரகர் தன் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, வாங்க வந்தவர் கையையும் தன் கையையும் சேர்த்து மூடிக்கொள்வார். அதற்குப் பிறகு பேச்செல்லாம் விரல்கள்தான். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, நாலைப் பிடித்தால் நாலு, உள்ளங்கையில் சுரண்டினால் அரை, கையை உதறினால் 'போய்யா உன் மாடும் நீயும்'. சுற்றி ஐம்பது பேர் நின்றாலும் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. முகம் கோணாமல் கையால் சண்டை போடத் தெரிந்தவன்தான் தரகன் என்போம்.

அப்படித்தான் அன்றைக்குக் கரட்டூர்ச் சடையனின் ஒரு ஜோடி மாட்டுக்கு, ஆற்றோரத்துக் கரும்புக்காரர் பெரியண்ணனோடு சின்னக்காளை கை கோத்து நின்றார். சடையனுக்கு அந்த மாடுகளை விற்க மனசே இல்லை, மழை பொய்த்துத் தீவனம் இல்லாமல் போனதால் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார், கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்து நின்றார். சின்னக்காளை மூன்று விரலைப் பிடிக்க, பெரியண்ணன் இரண்டைப் பிடிக்க, இடையில் இன்னொரு கை நுழைந்து இருவர் விரல்களையும் மடக்கி மூடியது.

எங்கள் ஊர்த் தரகர் யாராக இருந்தாலும் எதை நினைப்பாரோ அதைத்தான் சின்னக்காளையும் நினைத்தார்.

"ரெண்டு கையும் உள்ள விடாதீங்கண்ணே. இது யாவாரமா, மல்யுத்தமா?"

பெரியண்ணன் தன் இடது கையைத் தூக்கிக் காட்டினார். அதில் பாதி குடித்த டீ கிளாஸ் இருந்தது.

சின்னக்காளையின் இடது கை துண்டின் நுனியைப் பிடித்திருந்தது. ஆக உள்ளே இருந்தது மூன்றாவது கைதான். சொரசொரப்பான கை, கயிறு பிடித்துக் காய்த்த கை, நல்ல சூடு. அதன் சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. அது விலை எதுவும் சொல்லவில்லை. இருவர் கையையும் பற்றிக்கொண்டு இழுத்தது. அவர்கள் துண்டோடு நடந்தார்கள். மாட்டைப் பிடித்தபடி சடையனும் பின்னால் நடந்தார். ஆட்டுச் சந்தையைத் தாண்டி, கயிற்றுக் கடையைத் தாண்டி, வாசலோரம் புண்ணாக்கு விற்கும் அங்கம்மாளின் சாக்குகளுக்கு முன்னால் போய்த்தான் கை நின்றது.

"என்னண்ணே, மூணு பேரும் மாட்டோட சேர்ந்து சீர்வரிசை கொண்டாந்திருக்கீங்களா?" என்றாள் அங்கம்மாள்.

அங்கம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை. நாற்பது வயது, வாய் கொஞ்சம் நீளம், ஆனால் எந்த ஊரில் எந்த மாடு என்ன தின்கிறது என்பது அவளுக்கு அத்துபடி. புண்ணாக்கு வாங்க வருகிறவர்கள் தங்கள் வீட்டுக் கதையை அவளிடம் கொட்டாமல் போனதில்லை. சின்னக்காளை விஷயத்தைச் சொன்னதும் அவள் தராசைக் கூட இறக்கி வைக்கவில்லை.

"இந்தப் பெரியண்ணன் அண்ணே வருசா வருசம் கரும்புத் தோகையத் தீ வச்சுக் கொளுத்துறாரு. அந்தத் தோகைய இவரு மாட்டுக்குப் போடுங்க. பதிலுக்கு வெட்டு முடியிற வரைக்கும் இவரு மாடு உங்க கரும்பு வண்டிய இழுக்கட்டும். மாட்ட எதுக்கு விக்கணும், எதுக்கு வாங்கணும்? ரெண்டு பேரும் புண்ணாக்கு மட்டும் எங்கிட்ட வாங்குங்க, போதும்."

சடையன் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டார். துண்டுக்குள் இருந்த கை இருவர் கைகளையும் ஒருமுறை அழுத்திவிட்டுப் போய்விட்டது. தரகை இரண்டு பக்கமும் சந்தோஷமாகவே கொடுத்தார்கள், விற்காத மாட்டுக்கு.

அதற்கடுத்த வியாழனும் கை வந்தது. அதற்கடுத்ததும். கன்று செத்த பசுவை விற்க வந்தவளை, தாய் செத்த கன்றோடு வந்தவனிடம் இழுத்துப் போனது. சாணத்தை அள்ளிப் போட இடமில்லாமல் மாடு விற்க வந்தவரை, எருவுக்கு அலைந்த வெற்றிலைக் கொடிக்கால்காரரிடம் நிறுத்தியது. மூன்று தடவை அங்கம்மாளிடமே கொண்டுபோய் விட்டது. ஒருமுறை பரம்பரைப் பகைக்காரர் இருவரை ஒரே பால் வண்டியில் ஏற்றி அனுப்பியது. விலைக்கு வந்தவர்கள் விலையை மறந்து, ஒருவர் ஊருக்கு இன்னொருவர் வழி கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

யாருடைய கை என்று நாங்கள் தேடாமல் இல்லை. ஒரு வியாழன் முழுக்கச் சந்தை வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் சுண்டுவிரலை மடக்கிக் காட்டச் சொன்னோம். எல்லோரும் மடக்கினார்கள். சின்னக்காளையும் தன் கையை நீட்டி, ஐந்து விரலையும் அழகாக மடக்கி விரித்துக் காட்டினார். ஆண் கையா பெண் கையா என்று சண்டை வந்தபோது வளையல்காரர் தன் வளையல் அத்தனையும் போட்டுப் பார்த்துவிட்டு, ஆண் கைதான், அதுவும் வளையல் வாங்கித் தராத ஆண் கை என்று தீர்ப்புச் சொன்னார். சிலர் துண்டுக்குள் வெற்றிலை பாக்கு வைத்தார்கள். கைக்கு வாய் கிடையாது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. மகளுக்கு மாப்பிள்ளை கேட்டுக் கை விட்டவர்களை அது நறுக்கென்று கிள்ளியது. சந்தைக் குத்தகைக்காரர் அந்தக் கைக்கும் சுங்கம் வேண்டும் என்று நின்றார்; மாட்டுக்குக் காலை எண்ணித்தான் சுங்கம், கைக்கு வாங்க விதி இல்லை என்று நாங்கள் எடுத்துச் சொன்னதும் அவரும் ஒருவழியாக அடங்கினார்.

ஆடி மாதத்துக்குள் கை பழகிவிட்டது. பழகாதது சின்னக்காளைக்கு வந்த பெயர்தான்.

எங்கள் சந்தைக்கு ஒன்பது தரகர்கள். இருபத்தாறு வருஷமாகச் சின்னக்காளை அதில் எட்டாவது. மற்றவர்கள் கை காலியாக இல்லாதபோது மட்டும் கூப்பிடப்படுகிற ஆள். இப்போது விடிவதற்கு முன்பே, "காளையண்ணே எங்க?" என்று கேட்டுக்கொண்டு மூன்று தாலுக்காக்காரர்கள் வந்தார்கள். டீக்கடை மேரியக்கா அவருக்கென்று தனி கிளாஸ் வைத்தாள். அவர் நடையே மாறிப்போனது. பாவம், அதை நாங்கள் குறை சொல்லவில்லை. இருபத்தாறு வருஷம் எட்டாவதாக நின்றவனுக்குத்தான் முதல் இடத்தின் ருசி தெரியும்.

மற்ற எட்டுப் பேரும் வேப்பமரத்தடியில், மடித்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் இருளப்பன், சின்னக்காளையின் தங்கை புருஷன், வலது கட்டைவிரலில் நகம் இல்லாதவர். ஆரம்பத்தில் மச்சானின் பெருமையைத் தானே போகிற இடமெல்லாம் பேசினார். பிறகு பேச்சைக் குறைத்தார்.

தரகர் என்றால் சந்தையில் மட்டும் நிற்பவர் இல்லை. ஆளுக்கு ஏழெட்டு ஊர் உண்டு. புதன்கிழமை அந்த ஊர்களைச் சுற்றி வந்து, இன்னார் வீட்டில் இன்ன மாடு என்று பார்த்து, நாளைக்கு ஓட்டிக்கொண்டு வாங்க என்று சொல்லிவிட்டு வருகிறவர். வேலை இல்லாத எட்டுப் பேரும் சுற்றுவதை நிறுத்தினார்கள். நிறுத்தியதும், அந்த அறுபது ஊர் மாடும் ஆளும் வருவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. சின்னக்காளை அதைக் கவனிக்கவில்லை. அவரைச் சுற்றித்தான் எப்போதும் கூட்டமாயிற்றே.

கைதான் முதலில் கவனித்தது. ஆவணியில் ஒரு வியாழன், அது சின்னக்காளையையும் ஒரு வியாபாரியையும் இழுத்துக்கொண்டு சந்தையின் வடகிழக்கு மூலைக்குப் போனது. அங்கே யாரும் இல்லை. இருளப்பனின் ஊர்க்காரர்கள் மாடு கட்டும் முளைக்குச்சிகள் மட்டும் வரிசையாக நின்றன. கை விரிந்து, கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு துண்டுக்குள்ளேயே சில்லிட்டுப் போனது.

அடுத்த வாரமும் வெற்றிடத்துக்கே இழுத்தது. அதற்கடுத்த வாரம் வேறு பக்கம் இழுத்தது. சந்தைக்கு நடுவே, எல்லோரும் பார்க்க, துண்டு தரையில் புரள, அவரை வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய், இருளப்பனின் கையைப் பிடித்து அவர் கையில் வைத்து, அதன் மேல் துண்டை விரித்தது. வைத்த பிறகும் விடவில்லை.

இருளப்பன் தலை நிமிராமல் கேட்டார். "என்ன மச்சான், என்னைய யாருக்கு விக்கப் போற?"

சின்னக்காளைக்குப் புரியாமல் இல்லை. அந்தக் கை எத்தனையோ பேருக்குச் சொன்னதைத்தான் இப்போது அவருக்குச் சொன்னது. அவர் கையை உதறிக்கொண்டு, துண்டைச் சுருட்டி அக்குளில் வைத்து, வீட்டுக்கு நடந்துவிட்டார்.

இரண்டு வியாழன் அவர் சந்தைக்கு வரவில்லை. துண்டை வீட்டில் இருந்த பழைய டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். அவருக்குப் பயம். துண்டைப் பகிர்ந்தால் கை போய்விடும், கை போனால் பெயர் போய்விடும், பெயர் போனால் மறுபடி எட்டாவது ஆள். சாப்பிட உட்கார்ந்தால் இந்தக் கணக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் தங்கை பாண்டியம்மாள் வந்தாள். அழுவாள் என்று நினைத்தார். அழவில்லை.

"அண்ணே, அந்த டிரங்குப் பெட்டிய எடுத்துக்குடு. அவருக்குத் துணிமணி வைக்கணும்."

"எதுக்கு?"

"மில்லுல வாட்ச்மேன் வேலையாம். வெள்ளிக்கிழம கெளம்புறாரு."

"மாட்டப் பாத்தே பழகுன மனுசன், மில்லு கேட்டப் பாத்துக்கிட்டு நிப்பாரா?"

"நிப்பாரு. நின்னுதான ஆகணும். பெட்டிய மட்டும் குடுண்ணே, ஒன்னும் சொல்லாத."

சின்னக்காளை பூட்டைத் திறந்தார். பெட்டியில் இருந்தது அந்தத் துண்டு ஒன்றுதான். காவிக் கரை போட்ட சாதாரண ஈரிழைத் துண்டு. பெட்டியைக் காலி செய்ய வேண்டுமானால் துண்டை வெளியே எடுக்க வேண்டும். அவர் எடுத்து, ஒருமுறை உதறி, தோளில் போட்டுக்கொண்டார்.

"பெட்டி வேணாம்மா," என்றார். "வியாழக்கிழம மாப்ளைய ஒரு தரம் சந்தைக்கு வரச் சொல்லு. வந்துட்டு எங்க வேணாலும் போகட்டும்."

அந்த வியாழன், சந்தையில் தையல் மெஷின் போட்டிருக்கும் சுலைமான் பாயின் முன்னால் ஒன்பது தரகர்களும் நின்றார்கள். சின்னக்காளை துண்டை விரித்தார்.

"ஒம்போதா வெட்டுங்க, பாய்."

பாய் கத்திரியைப் பிஸ்மி சொல்லி எடுத்தார். ரத்தம் வருமோ என்று பயந்து மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒன்றும் வரவில்லை, துணி கிழிகிற சத்தம் மட்டும் வந்தது. ஒன்பது துண்டும் கைக்குட்டை அளவுகூட இல்லை. ஒரு விரலை மூடலாம், கையை மூட முடியாது. பாய் யோசித்து, ஆளுக்கொரு ஒட்டாக அவரவர் துண்டில் வைத்துத் தைத்தார். எட்டு ஒட்டும் தைத்து முடிந்து, ஒன்பதாவது சின்னக்காளையின் புதுத்துண்டுக்கு என்று எடுக்கும்போது அங்கம்மாள் வந்து நின்றாள். அவள் தோளில் ஒரு துண்டு கிடந்தது.

"எனக்கு?"

தரகர்கள் சிரித்தார்கள். "பொம்பள துண்டுக்குள்ள ஆம்பள கையப் புடிச்சு விலை பேசுறதா? ஊர் சிரிக்கும் ஆத்தா."

"மூணு தடவ அந்தக் கை எல்லாரையும் எங்கிட்டத்தான் இழுத்துக்கிட்டு வந்துச்சு," என்றாள் அங்கம்மாள். "அதுக்கு வராத வெக்கம் உங்களுக்கு என்ன?"

சின்னக்காளை அந்தக் கடைசித் துணியைக் கையில் வைத்துப் பார்த்தார். அவருடையது என்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். பாயிடம் கொடுத்து, "தங்கச்சி துண்டுல தைங்க," என்றார்.

நல்லது செய்தால் நல்லது நடக்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் சந்தையில் அன்றைக்கு நடந்தது வேறு. மத்தியானம் இருளப்பனின் ஊர்க்காரர் ஒருவர் கொண்டுவந்த காளை, வேனில் ஏற்றும்போது மிரண்டு அறுத்துக்கொண்டு ஓடியது. வழியில் நின்ற சின்னக்காளை கயிற்றை எட்டிப் பிடித்தார். பிடி கிடைத்தது, காளையும் நின்றது, ஆனால் கயிறு அவர் வலது சுண்டுவிரலைச் சுற்றி முறுக்கிவிட்டது. கட்டுப் போடும் வைத்தியர் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டி, நாற்பது நாள் கழித்து அவிழ்த்தார். எலும்பு கூடிவிட்டது, விரல் மடங்காது என்றார்.

மடங்காத விரலோடு துண்டுக்குள் கை விட முடியாது. நாலு என்று பிடித்தால் ஐந்தாவது குறுக்கே நிற்கும். சின்னக்காளை எட்டாவது ஆளாகக்கூட இல்லாமல் போனார்.

ஒட்டுப் போட்ட ஒன்பது பேர் துண்டிலும் கை வரவில்லை என்பதுதான் இன்னும் கொடுமை. தரகர்கள் மறுபடி புதன்கிழமைகளில் ஊர் சுற்றினார்கள். இருளப்பன் மில்லுக்குப் போவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். அறுபது ஊர் மாடும் வந்தது, சந்தை முன்னைவிட நிறைந்தது. அங்கம்மாளின் துண்டுக்குள் கை விட முதல் வாரம் வெட்கப்பட்டவர்கள் மூன்றாவது வாரம் வரிசையில் நின்றார்கள். கை மட்டும் இல்லை. யாரும் சின்னக்காளையிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது அவருக்குக் கேட்டதைவிட வலித்தது. மேரியக்காவின் டீக்கடை பெஞ்சில், சந்தை முழுவதும் தெரிகிற அந்த மேட்டில், காலை முதல் உட்கார்ந்திருப்பார். வேறென்ன செய்ய? பார்த்துக்கொண்டிருந்தார். யார் மாட்டுக்குக் கண்ணில் பூ விழுந்திருக்கிறது, யார் கூட்டத்தில் தயங்கித் தயங்கி நிற்கிறார், யார் எதைத் தேடி வந்து எதை விற்றுவிட்டுப் போகிறார் என்று எல்லாம் தெரிந்தது. கை இருந்த காலத்தில் அவருக்கு இத்தனை தெரிந்ததில்லை.

கார்த்திகை மாதம், பத்து மணி இருக்கும். இடது கையில் டீ கிளாஸ், வலது கை சும்மா மடியில். அந்தக் கையை யாரோ பிடித்தார்கள்.

சின்னக்காளை குனிந்து பார்த்தார். மடியில் கையைக் காணோம். முழங்கைக்குக் கீழே சட்டைக் கை தொளதொளவென்று கிடந்தது. ஆனால் கை இருந்தது. எங்கேயோ இருட்டில், துணிக்கு அடியில், இரண்டு கைகளுக்கு நடுவில் இருந்தது. ஒன்று முன்பின் தெரியாத கை, வியர்வை ஈரத்தோடு நழுவப் பார்த்தது. இன்னொன்றின் கட்டைவிரலில் நகம் இல்லை.

கீழே சந்தையிலிருந்து இருளப்பன் கத்தினார். "வந்திருச்சு! ஏய், வந்திருச்சுப்பா!"

நழுவப் பார்த்த கை யாருடையது என்று சின்னக்காளை மேட்டிலிருந்து தேடினார். தங்கையோடு சினை மாட்டை ஓட்டிக்கொண்டு வந்திருந்த ஓர் இளைஞன். வேலை இல்லாமல், மாட்டை விற்று ஊரைவிட்டே போய்விட நினைத்து, இருளப்பனிடம் கை நீட்டியிருந்தான். தெற்கு வரிசையில் பால் சொசைட்டி வேலைக்கு ஆள் கிடைக்காமல் இரண்டு வாரமாக அலைகிற ஒரு மனிதர் நின்றார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மேட்டிலிருந்து இருவரும் தெரிந்தார்கள்.

சின்னக்காளை விலை எதுவும் சொல்லவில்லை. இரண்டு பேர் விரல்களையும் மெல்ல மடக்கி மூடினார். சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. பிறகு தெற்குப் பக்கமாக இழுத்தார். கூட்டத்துக்குள் ஒரு துண்டு நகர்ந்து போவது தெரிந்தது.

அது போய்ச் சேர்ந்த பிறகு கை மடிக்குத் திரும்பியது. இருளப்பனின் துண்டுக்குள் கை விட்டுப் பார்த்திருந்த அங்கம்மாள் மேடேறி வந்து, அந்தக் கையை எடுத்து, வெளிச்சத்தில் புரட்டி, சுண்டுவிரலை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. அப்படியானால் வைகாசியில் வந்தது யார் கை, அன்றைக்கு இவர் விரல் மடங்கியதே என்று கேட்கிற வெளியூர்க்காரர்களுக்கு நாங்கள் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவோம்.

"அண்ணே, எந்திரிச்சு வாங்க. எல்லார்ட்டயும் சொல்லணும்," என்றாள்.

"வேணாம் தாயி. இங்க இருந்தாத்தான் எல்லாரும் தெரியுறாங்க."

அதற்குள் வலது கை மறுபடி மடியில் இல்லை. யாரோ பிடித்திருந்தார்கள். சின்னக்காளை சந்தையைப் பார்த்தபடியே சொன்னார்.

"இன்னொரு டீ போடுங்க, மேரியக்கா. இடது கையில குடுங்க. இந்தக் கைக்கு வேலை வந்திருச்சு."